மரத்துக்கு அரசாங்க உத்தியோகம்

சிங்கப்பூரில் சாலையோர மரமாக வேலைக்குச் சேர்வது லேசுப்பட்ட காரியமில்லை. உயரம் பார்ப்பார்கள். வேர் எந்தப் பக்கம் ஓடும், சாக்கடையை உடைக்குமா என்று துருவுவார்கள். காற்றடித்தால் கிளை முறியும் குணம் பரம்பரையில் உண்டா என்று விசாரிப்பார்கள். சேர்ந்த பிறகும் நிம்மதி கிடையாது. தண்டுக்குள் பொந்து இருக்கிறதா என்று ஒலியலைக் கருவி வைத்துப் பரிசோதிப்பார்கள். நம் ஊரில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைக்கூட யாரும் இப்படிக் குடைவதில்லை. இந்த உத்தியோக முறை வந்த கதையில் புலி வரும், குரங்கு வரும், ஒரு பிரதமர் வருவார், மரம் திருடிய டாக்டர் ஒருவரும் வருவார்.

1819இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது தீவு முழுக்கக் காடு. காட்டைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே யோசனைதான் தோன்றியது: வெட்டு. சீனத் தோட்டக்காரர்கள் அவருக்கு முன்பே வந்து கம்பீர் பயிரிட ஆரம்பித்திருந்தார்கள். கம்பீர் என்பது நம் காசுக்கட்டியின் ஒன்றுவிட்ட தம்பி. வெற்றிலையோடு மெல்லலாம், தோல் பதனிடலாம். இலையை அண்டாவில் போட்டுக் காய்ச்சி எடுக்க வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு இருக்கவே இருக்கிறது. காய்ச்சிய சக்கையை மிளகுக்கொடிக்கு உரமாகப் போடுவார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் மண்ணும் தீர்ந்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். உடனே அண்டாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள்.

காட்டுக்குள் குடியிருந்த புலிகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவை தம் அபிப்பிராயத்தைத் தோட்டக் கூலிகள் மீது பதிவுசெய்தன. நாளுக்கு ஓர் ஆள் போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டது.

துரைமார்களுக்குக் கம்பீர் அவ்வளவு கௌரவமாகப் படவில்லை. அவர்கள் ஜாதிக்காய்த் தோட்டம் போட்டார்கள். இன்று கைப்பைக்கு ஒரு மாதச் சம்பளம் கேட்கும் ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த தோட்டங்களால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜாதிக்காய் மரங்களுக்கு நோய் வந்தது; தோட்டங்கள் பட்டுப்போயின. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

1859இல் தாவரவியல் பூங்கா ஒன்றை உருவாக்கினார்கள். நம்மவர்கள் அதற்கு ‘பூமலை’ என்று அழகாகப் பேர் வைத்தார்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் வந்தன. யாரும் சீந்தவில்லை. 1888இல் ஹென்றி ரிட்லி என்றொருவர் பூங்காவின் தலைமைப் பதவிக்கு வந்தார். ரப்பர்ப் பைத்தியம். போகிற இடமெல்லாம் சட்டைப்பையில் ரப்பர் விதையை நிரப்பிக்கொண்டு போய், காப்பித் தோட்டக்காரர்களைப் பிடித்துவைத்து, ‘இதை நடுங்கள்’ என்று பிராணனை வாங்குவாராம். அவரைத் தூரத்தில் கண்டதும் பாதை மாற்றிக்கொண்டவர்களே, மோட்டார் வண்டி வந்து ரப்பர் விலை ஏறியதும் கோடீசுவரர்கள் ஆனார்கள். அந்தச் சட்டைப்பை விதைகள் மலாயாத் தோட்டங்களாக முளைத்தன. அங்கே பால் வெட்ட நம் பாட்டன்மார்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். ரிட்லி நூறு வயது தாண்டி வாழ்ந்துவிட்டுத்தான் போனார். பால் வெட்டியவர்களின் ஆயுளை யாரும் அவ்வளவு அக்கறையாகக் குறித்துவைக்கவில்லை.

அதே பூங்காவில் 1930களில் கார்னர் என்ற தாவரவியலாளர் இருந்தார். நூறடி உயர மரத்தின் உச்சியில் இருக்கும் பூவும் காயும் அவருக்கு ஆராய்ச்சிக்கு வேண்டும். ஏற ஆளில்லை. தேங்காய் பறிக்கப் பழகிய குரங்குகளை வரவழைத்தார். கீழே நின்று மலாய் மொழியில் உத்தரவு போட, அவை மேலேறிக் கிளையை ஒடித்துப் போட்டன. அந்நகரத்து மரத்துறையின் முதல் ஒப்பந்த ஊழியர்கள் என்று அவற்றைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, போனஸும் இல்லை, வாழைப்பழம் கிடைத்திருக்கும்.

பிறகு போர். சாங்கியில் நெடுந்தூரத்துக்குத் தெரியும் பெரிய மரம் ஒன்று நின்றது. வரைபடங்களில்கூட அதைக் குறித்திருந்தார்கள். ஜப்பானியர் அதைப் பார்த்துப் பீரங்கியைக் குறிவைத்துவிடுவார்கள் என்று 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையே அதைச் சாய்த்தது. அதே மாதம் சிங்கப்பூரே சாய்ந்தது.

இனிப் பிரதமர் வருகிறார்.

1963இல் சிங்கப்பூரில் கடும் வறட்சி. குழாயில் தண்ணீருக்கு நேரக் கட்டுப்பாடு. ஜூன் 16 அன்று லீ குவான் இயூ ஃபாரர் சதுக்கத்தில் மண்வெட்டியோடு நின்று மெம்பாட் என்ற மரக்கன்றை நட்டார். மெம்பாட் பூத்தால் இளஞ்சிவப்பாக, ஜப்பானியச் செர்ரியைப் போல இருக்கும். அரசியல்வாதி மரம் நடுவது நமக்குப் புதிதில்லை. நட்டு, போட்டோ எடுத்து, கையைக் கழுவிக்கொண்டு போனதும் ஆடு வந்து மிச்ச விழாவை முடித்துவைக்கும். இந்த மனிதரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: நட்டது என்ன ஆயிற்று என்று மறுபடியும் கேட்பார்.

1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியாயிற்று. கையில் எண்ணெய் இல்லை, தங்கம் இல்லை, குடிக்கத் தண்ணீரே பக்கத்து வீட்டுத் தயவு. முதலீட்டாளர்களை எதைக் காட்டி மயக்குவது? 1967 மே மாதம் ‘தோட்ட நகரம்’ என்று அறிவித்தார்கள். இயற்கையின் மீது திடீர்க் காதல் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கை லீயே பின்னாளில் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். வெளிநாட்டு முதலாளி காரில் வந்து இஸ்தானா அரசு மாளிகைக்குள் நுழையும்போது புல்வெளியும் செடியும் வெட்டுப்பட்டு ஒழுங்காக நிற்க வேண்டும். இவர்கள் திறமைசாலிகள், நம்பிப் பணம் போடலாம் என்று ஒருவரும் வாயைத் திறக்காமலே அவருக்குப் புரிந்துவிட வேண்டும். ஆக, மரத்தின் வேலை வரவேற்பறை உத்தியோகம். முன்பு காசுக்காக வெட்டினார்கள், இப்போது காசுக்காக நட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த நேர்மைதான் அந்த மரங்களைக் காப்பாற்றியது. காதலுக்காக நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோகும். சம்பளப் பட்டியலில் இருக்கும் மரத்துக்குத் தணிக்கை வரும்.

ஆனால் மரம் வளரப் பத்து வருடம் ஆகும், முதலாளி அடுத்த வாரம் வருகிறார். அங்சானா என்ற வேங்கை இன மரம் கைகொடுத்தது. கை கனத்துக் கிளையை ஆளுயரத்துக்கும் மேலாக வெட்டி நட்டால் போதும், கம்பமே வேர்விட்டுத் தழைத்துவிடும். நம் ஊர் முருங்கைப் போத்து, அரசு செலவில். ‘உடனடி மரம்’ என்றே அதை அழைத்தார்கள். கூடவே தூங்குமூஞ்சி மரத்துக்கும் நிரந்தர வேலை கிடைத்தது. குடை பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. சாயங்காலம் ஆனதும் இலையை மடக்கிக்கொள்ளும் என்பதால் மலாய்க்காரர்கள் அதை ‘ஐந்து மணி’ மரம் என்பார்கள். ஆபீஸ் முடிந்ததும் பையைத் தூக்கும் அந்தச் சுபாவத்துக்கு அரசு வேலை கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. 1970 முடிவதற்குள் 55,000க்கும் அதிகமான மரங்கள் நட்டாயிற்று.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? வழக்கம்போல நடந்துகொண்டார்கள். புல்லை மிதித்தார்கள், பாத்தியைச் சிதைத்தார்கள், கன்றைப் பிடுங்கினார்கள். சாலை நடுத்திட்டில் புதிதாக வைத்த விலையுயர்ந்த நார்ஃபோக் பைன் கன்றைத் தன் வீட்டுத் தோட்டத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். பேரை மட்டும் போடாமல் பிரதமர் இதையும் தம் புத்தகத்தில் எழுதிவைத்தார். அந்த டாக்டர் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருப்பார். சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்த இடம் இதுதான்.

புல்லும் வம்பு செய்தது. இஸ்தானா புல்வெளி பழுப்பேறியே கிடந்தது. நியூசிலாந்திலிருந்து மண் நிபுணர் வந்து பார்த்தார். காட்டை வெட்டியதால் இங்கே பெய்கிற மழை மேல்மண்ணின் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அடிக்கடி உரம் போடுங்கள், புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுங்கள் என்றார். கம்பீர் அண்டாவுக்கு எரித்த விறகின் பாக்கியை நூறு வருடம் கழித்துச் சுண்ணாம்பாகக் கட்டினார்கள். புல் பச்சையானது.

பிரதமர் வெளிநாடு போனால் அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கும். பாரிஸில் மற்றவர்கள் ஐஃபிள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் நடைபாதைக்கு அடியில் வடிகால் எப்படிப் போகிறது, மரம் எப்படி நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு வருவார். உலகமெங்கும் ஆளனுப்பி 8,000 வகைச் செடிகளைக் கொண்டுவந்ததில் சுமார் 2,000 வகை பிழைத்தன. மேம்பாலத்தின் அடியில் எது வளரும் என்று தனி ஆராய்ச்சி. வெளிச்சமும் மழையும் இறங்கட்டும் என்று பாலத்தையே இரண்டாகப் பிளந்து நடுவில் இடைவெளி விட்டார்கள். செடிக்கு வழிவிட்டுப் பாலம் ஒதுங்கிய ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும். நடைமேம்பாலங்களின் ஓரமெல்லாம் காகிதப்பூ தொங்கவிட்டார்கள். 1971 நவம்பரில் மரம் நடும் நாள் தொடங்கியது. நவம்பர் ஏன்? மழைக்காலம்; தண்ணீர் ஊற்றும் செலவு மிச்சம். அந்த முதல் நாளில் பிரதமர் ஊரில் இல்லை. ஃபேபர் மலையில் அமைச்சர் கோ கெங் சுவீ ஒரு தூங்குமூஞ்சியை நட்டார். பொருளாதார மேதை மரம் நடுகிறார் என்றால் லாபம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அண்டை வீட்டாருக்கும் பொறாமை தொற்றியது. இஸ்தானாவில் தங்கிய மலேசியாவின் மகாதீர், புல் எப்படி இவ்வளவு பச்சை என்று கேட்டாராம். பிரதமரானதும் கோலாலம்பூரைப் பச்சையாக்கினார். ஜகார்த்தாவில் சுகார்த்தோ, மணிலாவில் மார்க்கோஸ் என்று ஆளாளுக்குக் குழி தோண்டினார்கள். தென்கிழக்காசியத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாகத் தோண்டிய குழிகளில் இவைதான் தீங்கில்லாதவை.

அவசரத்தில் சேர்த்த ஊழியர்களின் வண்டவாளம் பிறகுதான் தெரிந்தது. அங்சானாக்களில் இடி விழுந்தது. இடிபட்ட மரத்தில் வண்டு புகுந்தது. வண்டோடு பூஞ்சை வந்து, வாடல் நோயில் வரிசையாகச் செத்தன. அதன் பிறகு ஒரே இனத்துக்கு மொத்தமாக வேலை கொடுப்பதில் சுதாரித்துக்கொண்டார்கள். 1975இல் பூங்கா, மரச் சட்டம் வந்தது. 1991இல் மரப் பாதுகாப்புப் பகுதிகளை அறிவித்தார்கள். அங்கே சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டால் உங்கள் வீட்டு மரத்தையே அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 2018இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். எந்த மரத்தையும் தொட்டு இனம் என்ன, சுற்றளவு என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் 2012இல் மரினா விரிகுடாவில் 18 மரங்கள் புதிதாக வேலைக்கு வந்தன. 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர்வரை உயரம், உடம்பெல்லாம் இரும்பும் கான்கிரீட்டும், ராத்திரியானால் பாட்டுக்கு ஏற்ப விளக்கு ஆட்டம். இலை உதிர்ப்பதில்லை, வண்டு அரிப்பதில்லை, ஐந்து மணிக்கு மடங்கிக்கொள்வதும் இல்லை. உள்ளூர்த் தூங்குமூஞ்சிகள் இவற்றின் நியமனத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேள்வி.