இந்த வாரம் பணிவு

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில், கணக்குக்கும் ஸ்பெல்லிங்குக்கும் நடுவே ‘குணம்’ என்று தனியாக ஒரு பாடம் உண்டு. இந்த வாரம் கீழ்ப்படிதல், அடுத்த வாரம் பொறுமை என்று முறை வைத்து நடக்கும். மனப்பாடத்துக்கு ஒரு வேத வசனம், உதாரணத்துக்கு ஒரு விலங்கு, ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை, அதில் ஒட்ட நட்சத்திர ஸ்டிக்கர். இந்த அட்டவணைக்குப் பாட்டனார் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால், சர்ச் பக்கம் அதிகம் போகாத பெஞ்சமின் ஃபிராங்க்ளினைத்தான் சொல்லவேண்டும். அவர் 13 நற்குணங்களை எழுதி, வாரத்துக்கு ஒன்றாகப் பழகினார். ஆண்டுக்கு நான்கு சுற்று. தவறும்போதெல்லாம் நோட்டில் ஒரு கரும்புள்ளி. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட, அழித்து எழுதத் தோதாகத் தந்தத் தகடுகளுக்கு மாறினார். பணிவு அவர் பட்டியலில் முதலில் இல்லை. ‘உனக்குத் தலைக்கனம்’ என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகே கடைசியாகச் சேர்ந்தது. விலைவாசி போல நற்குணங்களும் ஏறின: 1984இல் பில் கோத்தார்ட் என்ற போதகர் தொடங்கிய வீட்டுக்கல்வித் திட்டத்துக்கு வந்தபோது எண்ணிக்கை 49. (பெண்கள் பலர் பாலியல் தொல்லைப் புகார் சொன்னதைத் தொடர்ந்து அவர் 2014இல் பதவி விலகினார், அந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை.)

குணத்தைப் பாடமாக்கினால் பிள்ளை அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொள்ளும், குணத்தை மட்டும் வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பது என் வாதம். இதற்குச் சாட்சி பழையது. 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏமாற்றுவதற்கு விதவிதமான வாய்ப்புகளை அமைத்துக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஹார்ட்ஷோர்ன் மதக் கல்வித் துறைக்காரர். நல்ல சேதி வரும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். வந்த சேதி வேறு. பரீட்சையில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. சர்ச்சின் ஞாயிறு பள்ளிக்கு எவ்வளவு ஒழுங்காக வந்தார்கள் என்பதற்கும் எவ்வளவு நேர்மையாக நடந்தார்கள் என்பதற்கும் பெரிய சம்பந்தம் தென்படவில்லை. பின்னால் வந்தவர்கள் அதே கணக்குகளை மறுபடி அலசி, நேர்மை என்ற ஒன்று பிள்ளைக்குள் ஓரளவு நிலையாக இருக்கத்தான் செய்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள். ஓரளவுதான்.

பெரியவர்களின் நிலைமை இன்னும் சுவாரசியம். 1973இல் வெளியான பிரின்ஸ்டன் ஆய்வில் 40 இறையியல் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரமிருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களில் சிலர், கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். வெறும் 40 பேரை வைத்து உலகத்தை எடைபோடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் பாடம் நடத்திக்கொண்டு அடுப்பையும் கவனிக்கிற தாய், ‘சீக்கிரம் பொறுமைப் பாடத்தை முடி’ என்று கத்தினால் அந்த வாரம் எது பாடமாகிறது என்று புரிந்துகொள்ள ஆய்வே தேவையில்லை.

அப்படியானால் கதையே சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். சொல்லலாம், எந்தக் கதை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டினார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோவும், ‘ஓநாய், ஓநாய்’ என்று ஊரை ஏமாற்றிய சிறுவனும் பொய்யைக் குறைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதை குறைத்தது. பயமுறுத்தலைவிடப் பாராட்டு வேலை செய்திருக்கிறது. இதில் ஒரே சிக்கல், அந்தச் செர்ரி மரக் கதை புளுகு. வாஷிங்டன் இறந்த பிறகு, மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கைச்சரக்கு. பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்தது ஒரு பாதிரியார் சொன்ன பொய்! அதே 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, பெரியவர் ஒருவர் தங்களிடம் பொய் சொன்னதைக் கண்டுகொண்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் தாங்களும் கூடுதலாகப் பொய் சொன்னார்கள் என்றது. நல்லவேளையாக வீம்ஸை நேரில் பார்த்த பிள்ளைகள் இப்போது இல்லை.

வீட்டுக்கல்விக்காரர்களின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது: ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒரு மணி நேரம், வீடு நாள் முழுவதும், கெட்ட சகவாசமும் கிடையாது. இதற்கு நான் வேதத்தையே திறக்கிறேன். சாலொமோன் ராஜாவைவிட நல்ல குண ஆசிரியர் கிடைப்பாரா? 3,000 நீதிமொழிகள் சொன்னவர், அதிலும் ‘என் மகனே’ என்று விளித்து விளித்துச் சொன்னவர். அந்த மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்தபோது வயது 41. கல்வி முற்றுப்பெற்றிருக்க வேண்டும். ‘உம் தகப்பன் எங்கள் மேல் வைத்த நுகம் கனமாயிருக்கிறது, கொஞ்சம் இறக்கும்’ என்று ஜனங்கள் வந்து கேட்டார்கள். முதியோர் இறக்கச் சொன்னார்கள். கூட வளர்ந்த வாலிபரோ அப்பாவைவிட இறுக்கச் சொன்னார்கள். இறுக்கினான், பத்துக் கோத்திரம் கையைவிட்டுப் போனது. பார்த்தீர்களா, சகவாசம்தான் கெடுத்தது என்று உடனே கைதூக்குவார்கள். அந்த வாலிபர்கள் தெருவிலிருந்து வந்தவர்கள் இல்லை, அரண்மனையிலேயே வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்ததும் புதுப் பாடமில்லை. கூலியில்லாத அமிஞ்சி வேலைக்கு ஆள் பிடித்து ஆலயமும் அரண்மனையும் எழுப்பியவர் சாலொமோன். மகன் நீதிமொழிகளைக் காதால் கேட்டான், நுகத்தைக் கண்ணால் பார்த்தான். (700 மனைவிகளையும் 300 மறுமனையாட்டிகளையும் பார்த்துக்கொண்டே இச்சையடக்கப் பாடம் எப்படி நடந்திருக்கும் என்பதற்குள் நான் போகவில்லை.) சாமுவேல் தீர்க்கதரிசியின் பிள்ளைகளும் பரிதானம் வாங்கினார்கள். வேதம் இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. குணப் பாடப் புத்தகங்களுக்கோ இந்தப் பக்கங்களைவிட எறும்பின் சுறுசுறுப்பே வசதியாக இருக்கிறது. எறும்புக்கு வீட்டில் சண்டை இல்லை, ஸ்டிக்கரும் கேட்காது.

வீட்டுக்கல்வியை மூடிவிடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி ஆசிரியருக்கு நாலு மணிக்கு மேல் ஒளிந்துகொள்ள ஒரு வீடு இருக்கிறது. வீட்டாசிரியருக்கு அது இல்லை. மின்சாரக் கட்டணத்தைப் பார்க்கும்போது, மாமியாரின் போனை எடுக்கும்போது, எடுக்காமல் ‘வீட்டில் இல்லை என்று சொல்’ என்னும்போது, பிள்ளை பக்கத்திலேயே பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு சின்ன யோசனை: அட்டவணையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு வரிசை சேர்த்து, கரும்புள்ளி வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். ஃபிராங்க்ளினுக்கே தந்தத் தகடு தேவைப்பட்டது. ஃபிரிட்ஜ் கதவு எத்தனை வாரம் தாங்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.