கள்ளனுக்குத் தெரியும், பொண்டாட்டிக்குத் தெரியாது

மருமவனே, நீ ஆன்லைன்ல வாங்குன அந்தப் பைய ஒங்க அத்த கொண்டாந்து காட்டுனா. தீப்பிடிச்சாலும் எரியாதாம், தண்ணியில முக்குனாலும் நனையாதாம், மூணு நம்பர் பூட்டு வேற. நல்ல பைதான், நான் கொற சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குதேன். அந்த மூணு நம்பரு ஒம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

ஏன்டே இப்பிடி முழிக்க? "அவளுக்கு எதுக்கு மாமா"ன்னு சொல்ல வந்து பாதியில முழுங்கிட்டேல்லா? அங்கனதாம்ல இருக்கு சோலியே.

நம்மூரு ஆம்பளைங்க பத்திரத்த ஒளிச்சு வைக்கிற எடம் அம்புட்டும் எனக்கு அத்துப்படி. அரிசி மூட்டைக்கு அடியில. ஓடாத ரேடியோப் பெட்டிக்குள்ள. முருகன் படத்துக்குப் பின்னால. பரணுல, பழைய அம்மிக் கொழவிக்குப் பக்கத்துல, உரச் சாக்குல சுத்தி. களவாணிப்பய உள்ள எறங்குனா அரை மணி நேரத்துல எல்லாத்தையும் கொட்டிப் பாத்துட்டு, "சவம், வெறும் கடுதாசி"ன்னு போட்டுட்டுப் போயிருவான். ஆக, களவாணிக்குத் தெரியும். எலிக்குத் தெரியும். செல்லுக்குத் தெரியும். வட்டிக்காரனுக்கு ரொம்ப நல்லாத் தெரியும். அந்த அரிசிய தெனம் அள்ளிப் பொங்குதாளே, அவளுக்கு மட்டும் தெரியாது. கேட்டா, "பொம்பளைக்குச் சொன்னா வெளிய போயிரும்"பான். வெளிய போறதுக்கு அதுல என்னடே இருக்கு? நாலு மரக்கா வெதப்பாடு. அதுலயும் ரெண்டு மரக்கா கோர்ட்டுல கெடக்கு.

ஜாதகம் இருக்கு பாரு, அத ஒளிக்க மாட்டான். நாலு மூலைக்கும் மஞ்சத் தடவி, கண்ணாடிக் கவர்ல போட்டு, பூச அலமாரியில ராசா கணக்கா உக்கார வச்சிருப்பான். சனி எங்க நிக்கான்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கிரயப் பத்திரம் எங்க கெடக்குன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க.

2023 வெள்ளத்த நீ டி.வி.யில பாத்தவன். நாங்க பரணுல உக்காந்து பாத்தவங்க. மார்கழி பொறந்த அன்னைக்கு, டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம. காயல்பட்டினத்துல ஒரு நாளைக்குள்ள 95 சென்டிமீட்டர் மழ. தாமிரவருணி கரை எதுன்னு மறந்து போயி ஊருக்குள்ள வந்துட்டா. திருச்செந்தூர்லேருந்து சென்னைக்குக் கெளம்புன ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல 800 பேரோட நின்னுச்சே, தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியும் மண்ணும் போயி. ஏரல், ஆத்தூர்ப் பக்கம் வாழையும் வெத்தலக் கொடியும் மட்டுமா போச்சு?

எதுத்த வீட்டு அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணியில தலைக்கு மேல எதத் தூக்கிட்டு வந்தாரு தெரியுமா? டி.வி.ய. அவரு வீட்டம்மா கல்யாண ஆல்பத்த. பத்திரமெல்லாம் பீரோவுக் கீழ்த் தட்டுல நிம்மதியா முங்கிக் கெடந்துச்சு. சாவி அண்ணாச்சி மடியில இருந்துச்சு. அம்புட்டுப் பாதுகாப்பு!

தண்ணி வடிஞ்சு வெயில் அடிச்ச அன்னைக்குப் பாத்திருக்கணும். தெரு பூராக் கொடியில பத்திரம் அப்பளம் மாதிரி காயுது. போறவன் வாரவன் எல்லாம் நின்னு நின்னு படிக்கான். எவனுக்கு எம்புட்டு நெலம், எவன் யாருக்கு அடமானம் வச்சிருக்கான், எந்தத் தம்பிக்குத் தெரியாம எந்த அண்ணன் எதப் பதிஞ்சான், எல்லாம் கிளிப்பு போட்டுத் தொங்குது. அண்ணாச்சி பேருல கோவில்பட்டியில ஒரு பிளாட்டு இருக்குன்னு அவரு வீட்டம்மாவுக்கு அன்னைக்குத்தான் தெரியும். கொடியில போட்டதும் அவுகதான். அதுக்குப் பெறவு அந்த வீட்டுல அடிச்ச பொயலுக்கு நிவாரணம் குடுக்க எந்த சர்க்காராலயும் முடியாது.

ஆனா கொடியில போட்டதே தப்பு. நனைஞ்ச தாள வெயில்ல போட்டா மொறச்சுக்கிட்டு வளையும், மை வெளுக்கும். நெழல்ல, காத்தோட்டமா, வெள்ள வேட்டி மேல பரத்தணும். ஒண்ணோடொண்ணு ஒட்டுனத இழுத்துப் பிரிக்கப்படாது. இஸ்திரிப் பெட்டிய எடுக்கவே கூடாது. ரெண்டு நாளைக்கு மேல ஈரமா கெடந்தா பூஞ்ச பூத்துரும். காய வைக்க ஆளு இல்லயா, கரண்டு இருந்தா பாலித்தீன் பையில போட்டு பிரிஜ்ஜுல ஐஸ் கட்டுற தட்டுல வச்சிரு. சிரிக்காத. பெரிய பெரிய ஆவணக் காப்பகத்துக்காரங்க செய்யிற வேலதான் அது. நெதானமா ஒண்ணொண்ணா எடுத்து ஒணத்திக்கலாம்.

லேமினேசன் போட்டுட்டேன்னு பெரும பேசாத. நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போறப்போ சர்டிபிகேட்டு முதுகுல முத்திர குத்தணும்பான். பிளாஸ்டிக்கு மேல எங்கன குத்துவான்? சூட்டுல ஒட்டுனத உரிக்கவும் முடியாது. சும்மா கவர்ல போடு. ரப்பர் பேண்டு உருகி ஒட்டும், குண்டூசி துருப்பிடிக்கும், ரெண்டையும் எடுத்துரு. நகலு வேணும்னா ஜெராக்ஸ் கடையில எடு, தண்ணி பட்டா அந்த மை ஓடாது. வீட்டுல இங்க்கு ஊத்துற பிரிண்டர்ல எடுத்தேன்னா ஒரு மழைக்கே பட்டா நெலம் புறம்போக்கா கரைஞ்சு போயிரும்.

எல்லாக் கடுதாசிக்கும் ஒரே மரியாத குடுக்காத. ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டர் கார்டு போனா நம்பரு இருந்தாப் போதும், திரும்ப வாங்கிக்கலாம். பட்டாவும் சிட்டாவும் சர்வே நம்பரச் சொன்னா கம்ப்யூட்டர்லயே எடுக்கலாம். பொறப்புச் சர்டிபிகேட்டு எங்க பதிஞ்சாங்களோ அங்க போயி நகலு வாங்கலாம். கிரயப் பத்திரம் அப்பிடியில்ல. சார்பதிவாளர் ஆபீசுல நகலு குடுப்பான்தான், ஆனா விக்கப் போனாலும் கடன் கேட்டாலும் "அசல் எங்க?"ம்பான். தொலைச்சுட்டேன்னா போலீசு ஸ்டேசன்ல புகாரு, பேப்பர்ல வெளம்பரம், கெடைக்கலன்னு ஒரு சர்டிபிகேட்டுன்னு செருப்பு தேயும். இது ரெண்டாம் ரகம்.

மூணாம் ரகந்தான் மோசமானது. ஒலகத்துல அதுக்கு வேற நகலே கெடையாது. ரிஜிஸ்தர் பண்ணாத உயிலு, அண்ணந்தம்பிக உக்காந்து எழுதிக்கிட்ட கூறு சீட்டு, புரோநோட்டு. நம்மாளு மொத ரகத்துக்கு நாலு கவர் போட்டு வச்சிருப்பான். மூணாம் ரகத்த மளிகைக் கடப் பில்லோட சேத்து ஆணியில குத்தி வச்சிருப்பான்.

தெரியும், தெரியும். நீ இப்ப போன எடுப்ப. "எல்லாம் டிஜிலாக்கர்ல இருக்கு மாமா"ம்ப. எம் பேத்தி எனக்கும் போட்டுக் குடுத்திருக்கா. நல்ல ஏற்பாடு. 2015-லேயே வந்துட்டு. சர்க்காரு நேரா அதுக்குள்ள குடுக்கிற லைசன்சும் மார்க்கு சீட்டும் அசலுக்குச் சமானம். ஆனா நீ போட்டோ புடிச்சு ஏத்துனியே ஒங்க தாத்தா பத்திரம், அது வெறும் போட்டோ. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு அசல எலிக்குக் குடுத்துராத. அடுத்தது, அதத் தெறக்க ஓ.டி.பி. வரணும். ஒம் பொண்டாட்டி ஆதாருக்கு யாரு நம்பரு? ஒன் நம்பரு. பாங்கிக்கு? ஒன் நம்பரு. கேஸ் சிலிண்டருக்கு? அதுவும் ஒன் நம்பருதான். ஒம் போனு தண்ணியில விழுந்துச்சு, இல்ல நீயே ஆசுபத்திரியில கண்ண மூடிக் கெடக்கேன்னு வையி. அந்த ஓ.டி.பி. ஒம் மூக்குலயா வந்து நிக்கும்? மொத சோலியா அவ நம்பர அவ ஆதார்ல ஏத்து.

"அப்ப பாங்கி லாக்கர்ல வைக்கேன்"ங்க. வையி. ஆனா அவன் காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டியே, அதப் படிச்சியா? தீப்பிடிச்சா, களவு போனா, பாங்கி ஆளே அமுக்கிட்டான்னா, வருச வாடகையில 100 மடங்கு வரைக்கும் அவன் பொறுப்பு. 2022 சனவரியிலேருந்து ரிசர்வ் பாங்கு சட்டம் அது. வெள்ளம், பூமியதிர்ச்சின்னு வந்து, அவன் மேல தப்பும் இல்லன்னா அவன் பொறுப்பில்ல. தண்ணி தேங்கிக் கெடக்கிற தெருவுல கீழ்த் தளத்துல இருக்கிற லாக்கரா, மேட்டுல இருக்கிறதான்னு பாத்துப் புடி.

பாங்கின்னதும் ஞாவகம் வருது. வீட்டுக் கடன அடைச்சுட்டேன்னு போன தீவாளிக்கு லட்டு குடுத்தியே, பத்திரத்த வாங்குனியா? லட்டு மட்டுந்தான் குடுத்தியா? கடன் முடிஞ்சு 30 நாளைக்குள்ள அசல அவன் திருப்பிக் குடுக்கணும். அவன் தப்பால தாமசமானா நாளைக்கு 5,000 ரூவா அவன் ஒனக்குக் குடுக்கணும். 2023 டிசம்பர்லேருந்து நடக்கு. நீ இன்னும் போயிக் கேக்கலன்னா அவன் ஏன்டே ஒன்னத் தேடி வாரான்?

எங்க அக்கா, அதான் ஒங்கம்மா, பாஸ்புக்க எடு. வருசா வருசம் 436 ரூவா ஒண்ணு, 20 ரூவா ஒண்ணு பிடிச்சிருப்பான். "பாங்கிக்காரன் திருடுதான்"னு அக்கா என்கிட்ட ரொம்ப நாளா அழுதா. திருட்டு இல்ல. சர்க்காரு இன்சூரன்சு. 436-க்கு, எப்பிடிச் செத்தாலும் 2 லட்சம். 20-க்கு, விபத்துல செத்தா 2 லட்சம். அவளுக்கு வயசு தாண்டிட்டு, அந்த 436 நின்னு போயிருக்கும். ஒனக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஒனக்கே தெரியாத இன்சூரன்ச ஒம் பொண்டாட்டி எங்கன போயிக் கேப்பா? இப்பிடி யாரும் கேக்காமக் கெடக்கிற டெபாசிட்டு பத்து வருசம் தாண்டுனா ரிசர்வ் பாங்குல ஒரு நிதிக்குப் போயிருது. அதத் தேடிப் பாக்க 2023-ல 'உத்கம்'னு ஒரு தளமே தெறந்துட்டாங்க. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லாததுக்கு ரிசர்வ் பாங்கே தளம் கட்ட வேண்டியிருக்கு பாத்துக்க.

உயிலப் பத்திப் பேசுனா நம்மாளுக்கு ஒடனே நெஞ்சு வலிக்கும். எழுதுனா உசிரு போயிருமாம். எழுதாதவன் எவனும் இங்கன உசிரோட உக்காந்திருக்கலியே. வெள்ளத்தாள்ல எழுதுனாப் போதும், முத்திரத்தாள் வேண்டாம். ரிஜிஸ்தர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல, பண்ணுனா நல்லது, மூணாம் ரகத்துலேருந்து தப்பிச்சுரும். சாட்சி ரெண்டு பேரு வேணும். அதுலதான் நம்ம ஊருக்காரன் கோட்ட விடுதான். மரியாதைக்காக ஊர்லயே மூத்த ரெண்டு கெழவனக் கூட்டிட்டு வருவான். உயிலு எடுக்கிற அன்னைக்கு சாட்சி ரெண்டும் மொதல்லயே போயிச் சேந்திருக்கும். ஒன்ன விட எளைய பயலுவளாப் பாத்துப் போடு. என்னைய கூப்புடாத, கூப்புட்டா வந்துருவேன்.

பெறவு என்ன, ஒரு முழுத் தாள எடுத்துக் கையால எழுது. எந்தப் பாங்கி, எந்தக் கிளை, எந்த பாலிசி, சர்வே நம்பரு, எது எந்தப் பையில இருக்கு, நாமினி யாரு. பாங்கிக் கணக்குக்கு இப்ப நாலு பேரு வரைக்கும் நாமினி போடலாம், 2025 நவம்பர்லேருந்து. கல்யாணத்துக்கு முன்னால தொறந்த கணக்குல இன்னும் ஒங்கம்மா பேரு இருக்கான்னு பாரு. இருக்கும். மாத்துறப்போ அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராத. பாஸ்வேர்ட அந்தத் தாள்ல எழுதாத, அது எங்கன இருக்குன்னு மட்டும் எழுது. ஜெராக்ஸ் ஒரு செட்டு மதுரையில ஒந் தங்கச்சி வீட்டுல இருக்கட்டும். ஒரே மழ ரெண்டு ஊரையும் முக்காது. மச்சினன் பிரிச்சுப் படிப்பானேன்னு யோசிக்க, இல்ல? படிக்கட்டும். ஒன் கடன் எம்புட்டுன்னு பாத்தா அதோட ஒங்கிட்ட நெலத்துல பங்கு கேக்க மாட்டான்.

வருசத்துக்கு ஒருக்க எடுத்துப் பாக்கணும். எந்த நாளுன்னு கேட்டா, சரசுவதி பூச. அன்னைக்கு எப்பிடியும் பொஸ்தகத்தையும் கணக்கு நோட்டையும் தொடைச்சு பூசையில வைக்கோம்லா. பத்திரப் பையும் அங்கன வரட்டும். வீட்டுல அம்புட்டுப் பேரும் கூடியிருப்பாங்க, பொட்டு வைக்கிறப்போ எது என்னன்னு பாத்துக்கிருவாங்க. ஐப்பசி மழைக்கும் ரொம்ப நாளு இருக்காது. பொட்ட பை மேல வையி, பத்திரத்து மேல வச்சிராத.

அந்தத் தாள்ல இன்னொரு எடம் விடணும். யாரு நமக்குத் தரணும், நாம யாருக்குத் தரணும். கொற இல்லாம எழுதணும். நீ போன சித்திரையில வண்டி வாங்க எங்கிட்ட கை மாத்தா வாங்குனியே, 20,000. நானும் சொந்தம்னு புரோநோட்டு கேக்கல. கேட்டிருந்தாலும் மூணு வருசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும், மருமவன் மேல கேசு போட ஒங்க அத்த விடுவாளா? அதனால மொத வரியில அத எழுது. இந்தா பேனா.