வேகம் ஒவ்வாத மாஸ்ரர்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமான நாள்தொட்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வித்தைக்குப் பஞ்சமில்லை. ஆயினும், அங்கே எந்தப் பீடத்திலும் போதிக்கப்படாத ஒரு வித்தையை நாடி, கணினி விஞ்ஞானம் பயிலும் மாணாக்கரும் சில வேளைகளில் ஓர் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்ப நேர்கிறது. அவ்வொழுங்கையில், கிடுகுவேலி போய்த் தகரவேலி வந்த ஒரு வளவின் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் வீற்றிருப்பவரை ஊரவர் மாஸ்ரர் என்பர். எந்தப் பாடசாலையிலும் அவர் படிப்பித்தவரல்லர். பிறருக்கு விளங்காத ஒன்றை அறிந்து, அதை விளங்கப்படுத்தாமலே வைத்திருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் அந்தப் பட்டம் கிடைப்பதுண்டு.

அவருடைய வித்தை பழைய வோக்கிகளுக்கு அலைவரிசை ஏற்றுவது. கல்யாண மண்டபக் காவலர், விடுதி முதலாளிமார், திருவிழாத் தொண்டர் சபையார் முதலானோர் எங்கேனும் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்த மோட்டொரோலா ஜீ.பி. 300 முதலிய கருவிகள், 1990களில் உலகெங்கும் உழைத்துக் களைத்தவையெனினும், தரையில் விழுந்தும் மழையில் நனைந்தும் சாக மறுக்கும் சாதியின. தலையிலுள்ள குமிழைத் திருகினால் சனல் மாறும். ஆனால் எந்தச் சனலுக்கு எந்த அலைவரிசை என்பதைக் கருவியின் நினைவகத்தில் எழுதுவதற்குக் கணினி வேண்டும், அதற்கென்றே ஆக்கப்பட்ட மென்பொருள் வேண்டும், கணினிக்கும் கருவிக்கும் நடுவே ‘ரிப்’ என்னும் சிறு பெட்டியும் வேண்டும். கணினியின் சீரியல் போட் பன்னிரண்டு வோல்ற் மட்டும் ஏறியும் இறங்கியும் பேசும். கருவிக்குத் தாங்குவதோ ஐந்து வோல்ற். அப்பெட்டி இவ்விருவர்க்கும் வாய்த்த துவிபாஷி. அம்மென்பொருள் டொஸ் காலத்தது. அதைத் தாங்கிய 386 கணினி ஒன்று, கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்ட நாளில் மாஸ்ரரின் கைக்கு வந்து, இப்போது சுவாமி அறைக்குப் பக்கத்து அறையில், வெள்ளைத் துணி போர்த்தப்பட்டு, சுவாமிக்குக் கிடைப்பதிலும் சற்றுக் கூடுதலான சிரத்தையுடன் பராமரிக்கப்படுகிறது.

“என்ரை லப்டொப்பிலை ஏத்துவம் மாஸ்ரர். ஐ-செவின், பதினாறு ஜீபி றாம்,” என்று மாணாக்கன் சொல்வான்.

“அதுதான் தம்பி அதின்ரை வருத்தம்,” என்பார் மாஸ்ரர்.

அவர் கூறுவது வெறும் கிழட்டுப் பிடிவாதமன்று என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை வாசற்படியிலேயே மறித்துவிடும். 2021இல் வந்த விண்டோஸ் 11 64 பிட் உருவில் மட்டுமே உண்டு. சீரியல் போட் இல்லாத மடிக்கணினிக்கு யூ.எஸ்.பி. வயர் ஒன்றை வாங்கி மாட்டினால், உள்ளே இருக்கும் பீ.எல். 2303 சிப் போலியாக இருக்கும்பட்சத்தில், அதன் ட்ரைவரே அதனைத் தன் குலத்தது அன்றென்று தள்ளிவைத்துவிடும். இவையெல்லாம் சில்லறைத் தடைகள். பெருந்தடை வேகந்தான். அந்நாளைய நிரல்கள் பல, சற்றுநேரம் காத்திருக்க வேண்டுமாயின், கடிகாரத்தைப் பாராமல் ஒன்று, இரண்டு என்று வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும் வழக்கமுடையன. எண்ணி முடிவதற்குள் எதிரேயுள்ள கருவி நிதானமாகப் பதில் சொல்லிவிடும். இக்காலத்துக் கணினியோ, கருவி வாய் திறக்குமுன்பே முழுவதையும் எண்ணி முடித்து, பதிலில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது. டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றின் கதி இன்னும் பரிதாபமானது: சுமார் 200 மெகாஹேட்ஸ் வேகத்தைக் கடந்த இயந்திரத்தில் அவை கண்விழித்தவுடனே அதன் வேகத்தை அளக்கப் புகுந்து, விடை 16 பிட் இடத்துக்குள் அடங்காமையால் ‘ரன்ரைம் எரர் 200’ என்று அரற்றி, பூச்சியத்தால் வகுத்ததாக ஒரு பொய்க் காரணமும் சொல்லிவிட்டு மாய்ந்தன.

ஆகவே மாஸ்ரரின் கீர்த்தி முழுவதும் அவருடைய கணினியின் மந்தகதியிலேயே தங்கியுள்ளது. அவர் செய்யும் கிரியைகளுக்கும் ஒரு வரிசை உண்டு. வந்தவர் வாய் திறந்ததும், “லைசன்ஸ் கொண்டந்தனீங்களோ?” என்பார். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கடிதத்தில் உள்ள அலைவரிசையிலிருந்து ஒரு புள்ளியும் பிசகமாட்டார். வோக்கி ஒருவர் கையில் இருந்ததென்று அயலார் சொல்வதே ஆபத்தாயிருந்த காலத்தைக் கடந்து வந்தவருக்கு அந்த எச்சரிக்கை இயல்புதானே. அதன்பின், கருவியில் ஏற்கெனவே உள்ளதைப் படித்துப் பிளொப்பியில் சேமிப்பார். பிறகே எழுதுதல். எழுதும்போது நடுவில் மின்சாரம் நின்றால் கருவி ஊமையாகிவிடக்கூடுமாதலால், அச்சில நிமிடங்களுக்கு அவ்வீட்டில் தண்ணீர் மோட்டர் போடலாகாது, கிரைண்டர் சுற்றலாகாது, குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதும் உசிதமன்று. அவ்வேளையில் அவருடைய மனைவியார் பாதி அரைத்த சம்பலோடு குசினி வாசலில் நின்று பார்க்கும் பார்வையை மாஸ்ரர் திரையையே நோக்கியிருப்பதால் காண்பதில்லை. அல்லது காணாதிருக்கும்பொருட்டே திரையை நோக்கியிருக்கிறார்.

அவ்வறையின் லாச்சிகளில் என்னதான் இல்லை! ஒன்பது முனை வயர்கள், இருபத்தைந்து முனை வயர்கள், உயிர்போன பற்றறிகள், ஒரு சைக்கிள் டைனமோ. அந்த டைனமோவைக் கண்டு நகைப்பவர் 1990க்குப் பின்னர் பிறந்தவராகவே இருப்பர். அவ்வாண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் ஆண்டுக்கணக்கில் நின்றது; பற்றறியும் தடைப்பட்ட பொருளாயிற்று; சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, அந்த டைனமோவின் புண்ணியத்தில் வானொலிச் செய்தி கேட்ட ஜனங்கள் எதையும் எறியக் கற்கவில்லை. எறியாமை அவ்விதம் வந்த குணம். ஆனால் பிறருக்கும் கொடாமை மாஸ்ரரின் சொந்த சம்பாத்தியம். அதை யுத்தத்தின் தலையில் கட்ட நான் உடன்படேன். மென்பொருளில் ஒரு பிரதி கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தேத்தண்ணி கொடுத்தனுப்பியிருக்கிறார்.

அப்படித் தேத்தண்ணி குடித்தவர்களுள் ஒரு மாணாக்கன், அம்மென்பொருளை வேறெங்கோ தேடிப் பிடித்து, டொஸ்பொக்ஸ் என்னும் நிரலுக்குள் அதனைக் குடியேற்றி, தன் மடிக்கணினியின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் குறைத்து, ஒரு நாள் மாஸ்ரரின் முன்னிலையிலேயே ஜீ.பி. 300ஐப் பேசவைத்தான். மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காசு குடுத்து உந்த வேகத்தை வாங்கிப்போட்டு, பிறகு இரவிரவா இருந்து அதைக் குறைச்சனீரோ தம்பி?”

“ஓம் மாஸ்ரர்.”

மாஸ்ரர் குசினிப் பக்கம் திரும்பித் தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார், கதிரையைச் சற்று அருகே இழுத்துக்கொண்டார், குரலையும் தாழ்த்திக்கொண்டார். “என்ரை பெட்டிக்கும் வயசு போட்டுது. நீர் செய்த உதை எனக்கும் ஒரு பென்னிலை போட்டுத் தாருமன்.”

மாணாக்கன் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தான்.

“பாப்பம் மாஸ்ரர்,” என்றான்.