இன்னும் ஒரே ஒரு பக்

வாரத்தில் ஐந்து நாள் "இந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சவன் கையில கிடைச்சா..." என்று பல்லைக் கடிக்கிற ஒருவர், ஆறாம் நாள் காலை காபி டம்ளரோடு அதே கம்ப்யூட்டர் முன்னால் சிரித்த முகமாய் உட்கார்ந்தால், சம்பளம் வராத வேலை எதையோ தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். என் மைத்துனர் அந்த ரகம்.

அவர் எழுதுவது சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கம்ப்யூட்டர் ஒரு சொல்லை ஒளித்து வைத்துக்கொள்ளும். நாம் ஒவ்வோர் எழுத்தாக ஊகிக்க வேண்டும். தப்பானால் தூக்குமரத்தில் ஒரு பொம்மை முளைக்கும்: தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால். ஆறாவது தப்பில் ஆள் காலி. "ஒரு மணி நேர வேலை மாமா" என்றார். சொன்னது போன தீபாவளிக்கு.

முதல் முட்டுக்கட்டை என் மாமியார். "விளக்கேத்துற நேரத்துல வீட்டுக்குள்ள ஒருத்தனைத் தூக்குல போடுறியேடா!" பொம்மை போய், தட்டில் ஆறு இட்லி வந்தது. தப்புக்கு ஒன்று குறையும்.

அடுத்த முட்டுக்கட்டை தமிழே. சோதனைக்கு 'தமிழ்' என்று கொடுத்தார். மூன்று கட்டம் வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. யூனிகோடு கணக்கில் 'மி'யின் கொக்கியும் 'ழ்' தலையிலுள்ள புள்ளியும் தனித்தனி ஆட்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் ரேஷன் கார்டு வேறு. அவர்களை ஒரே குடும்பமாக்க இரண்டு சனிக்கிழமை போயிற்று. பிறகு விசைப்பலகை. ஆங்கிலத்துக்கு 26 பொத்தான் போதும். இவர் 247 எழுத்துக்கும் பொத்தான் வைத்தார். போனில் ஒவ்வொன்றும் கடுகளவு. நான் 'கா'வைத் தொட்டேன், 'ஙௌ' விழுந்தது. தமிழில் அதற்கு அன்றுதான் வேலை கிடைத்திருக்கும்.

எழுதினவருக்கு விடையெல்லாம் தெரியும் என்பதால் அவரால் மட்டும் அதை விளையாட முடியாது. ஆகவே ஆள் பிடிப்பார். பத்திரிகை வைக்க வந்த உறவினர்கூடத் தாம்பூலம் வாங்கும் முன் ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும். "சும்மா தட்டுங்க, எங்க உடையுதுன்னு பார்க்கணும்" என்பார். உடைந்தால், அதாவது 'பக்' என்கிற பிழை அகப்பட்டால், வருத்தமே கிடையாது, முகம் மலரும். அடுத்த சனிக்கிழமைக்கு வேலை கிடைத்துவிட்டதே!

ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காக எழுதிய வேர்டில் என்ற சொல் விளையாட்டை நியூயார்க் டைம்ஸ் 2022-இல் விலை கொடுத்து வாங்கிய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் மைத்துனர் மறக்காமல் சொல்வார். "எனக்கு விளையாட்டு வேண்டாம், அந்தக் குழாய் வாஷரை மாத்துங்க, போதும்" என்பது அவர் மனைவியின் நிலையான பதில்.

ஒருநாள் மாமியாரே விளையாட உட்கார்ந்தார். முழுச் சொல்லாகவே 'கத்தரிக்காய்' என்று அடித்தார். 'அப்படி ஒரு சொல் இல்லை' என்றது திரை. "ஏன்டா, அப்ப நேத்து குழம்பு எதுல வச்சேன்?" விளையாட்டின் சொற்பட்டியலை மகன் தன் கையாலேயே அடித்திருந்தார். அதில் 'மென்பொருள்' இருந்தது, 'தரவுத்தளம்' இருந்தது. சமையலறைப் பக்கம் ஒரு சொல்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்று போன வாரம் கேட்டேன். "முடிஞ்ச மாதிரிதான் மாமா. இன்னும் ஒரே ஒரு பக்."

இப்போது பட்டியலில் 63 சொற்கள். அதில் 41 அவர் அம்மா சொன்னவை, எல்லாம் காய்கறி. குழாய் இன்னும் ஒழுகுகிறது.