வின்னிபெக் குளிரும் திண்டிவனம் பேட்டரியும்

வின்னிபெக்,
ஜனவரி மாதம், பொங்கலுக்கு மறுநாள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் வாட்ஸ்அப் குரல் செய்தி வந்தது. மாருதி 800-க்கு பேட்டரி போய்விட்டது, "நீ ஃபாரின்ல இருக்கிறவன், நல்லதா ஒண்ணு விசாரிச்சு சொல்லுப்பா" என்று கேட்டிருந்தீர்கள். அதை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "திண்டிவனத்துல பேட்டரி வாங்க வின்னிபெக்ல விசாரிக்கணுமா?" என்றாள். விழுப்புரத்தில் எந்தக் கல்யாண மண்டபம் பிடிப்பது என்பதையே சிங்கப்பூரில் இருக்கும் பெரியண்ணனைக் கேட்டு முடிவு செய்கிற குடும்பம் நம்முடையது. அவளுக்கு இன்னும் பழகவில்லை.

ஆனாலும் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். குளிர்காலம் வந்துவிட்டால் இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் இரண்டு பேச்சுதான்: இன்றைக்கு எத்தனை டிகிரி, வண்டி எடுத்ததா? மைனஸ் முப்பது வந்தால் ஆண்களும் பெண்களும் பேட்டரியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சம்பந்தி வீட்டைப் பற்றிக்கூட நம் ஊரில் இவ்வளவு பேசமாட்டார்கள்.

என் காரின் முன்பக்கத்தில் ஒரு கரண்ட் ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டியபோது, "கரண்ட் காரா வாங்கிட்டே? சொல்லவே இல்லையே?" என்று கேட்டார்கள். இது 2009 கொரோலா, பெட்ரோல் வண்டிதான். இன்ஜினில் ஒரு ஹீட்டர் இருக்கிறது, வீட்டில் வாளித் தண்ணீரில் போடுகிற ஹீட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி. சுமார் 400 வாட். பார்க்கிங்கில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிளக் பாயின்ட் உண்டு. விடிகாலையில் அது தானாக ஓடும்படி டைமர் வைத்துவிட்டு, நாம் கம்பளிக்குள் படுத்திருக்க வேண்டும். "அந்தக் கரண்ட் பில்லை யார் கட்டுறது?" என்று அம்மா அடுத்த கேள்வி கேட்டார்கள். வாடகையில் சேர்த்தி என்று சொன்னபிறகுதான் பெருமூச்சு விட்டார்கள்.

போன வாரம் டைமர் ஒழுங்காக ஓடியும் வண்டி எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்கிறது, செல்ஃப் சுத்தவில்லை. விளக்கு மட்டும் மங்கலாக எரிந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பானட்டைத் தூக்கினேன். கையுறை போட்டால் கிளிப்பைப் பிடிக்க முடியாது, கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

அப்போது விழுப்புரம் ஞாபகம்தான் வந்தது, சித்தப்பா. தாத்தாவின் அம்பாசிடர் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்றுபோனால் என்ன நடக்கும்? நாம் வாயைத் திறக்குமுன் டீக்கடையிலிருந்து நான்கு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர், "செகண்டு கியர்ல போடு சார், கிளச்சை மிதிச்சுக்கோ" என்பார். இன்னொருவர் தள்ளாமல் கூடவே நடந்துகொண்டு யோசனை மட்டும் சொல்வார். 'விடு' என்ற ஒரே கத்தலில் வண்டி குலுங்கிக் கிளம்பும். நன்றி சொல்ல நிறுத்தினால் திரும்பவும் ஆஃப் ஆகிவிடுமோ என்று தாத்தா கையை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டே போய்விடுவார். அதற்கும் முந்திய காலத்துக்கு முன்பக்கம் விட்டுச் சுற்றுகிற இரும்புக் கம்பி வேறு டிக்கியில் கிடந்தது.

இங்கே என்னுடையது ஆட்டோமேட்டிக் கியர். ஊரே திரண்டு தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. திரள்வதற்குத் தெருவில் ஊரும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டு பிலிப்பைன்ஸ்காரர் வந்தார். (இந்த ஊரில் அவர்கள்தான் நிறைய. நம் ஆட்களைத் தேடவேண்டும், அவர்கள் தானாகக் கிடைப்பார்கள்.) டிக்கியிலிருந்து கேபிளை எடுத்தார். சிவப்பு முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு அவருடைய பிளஸ்ஸில்; கறுப்பு அவருடைய மைனஸில், மறுமுனையை என் பேட்டரியில் மாட்டாமல் சற்றுத் தள்ளி இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்டினார். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் மேல் தீப்பொறி விழக்கூடாது என்பதற்காகவாம். வண்டி எடுத்துவிட்டது. அப்படியே ஓட்டிப்போய்ப் புது பேட்டரி வாங்கினேன்.

கடையின் பெயர் கனடியன் டயர். டயரோடு சேர்த்து, இட்லித் தட்டு ஒன்றைத் தவிர எல்லாம் விற்பார்கள்: தூண்டில், வாணலி, பனி அள்ளும் மண்வெட்டி. 1958-லிருந்து சொந்தமாகக் காகிதப் பணம் அச்சடித்து வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்த கடை. பேரம் பேச வழியில்லை. "பழகின கடை, பார்த்துப் போடுங்க" என்று எந்த மொழியில் சொன்னாலும் எடுபடாது. பழைய பேட்டரியைக் கையோடு கொடுக்காவிட்டால் அதற்கென்று முன்பணம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள் அல்லவா, அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். ஈயத்துக்கு எந்த ஊரிலும் மதிப்பு இருக்கிறது.

அங்கே பேட்டரி மேல் பெரிய எழுத்தில் ஒரு ஆம்பியர் எண் போட்டிருக்கும். மைனஸ் 18 டிகிரியில், 30 வினாடி நேரம், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் அது. இந்த ஊர்க்காரன் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவான். உங்களுக்கு யாராவது கடைக்காரர் அதைக் காட்டி, "இது அதிகம் சார், ஆயிரம் ரூபா கூட வரும்" என்றால் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். திண்டிவனத்தில் மார்கழிக் குளிருக்கு உங்கள் கழுத்துக்கு மஃப்ளர் வேண்டும். 796 சிசி, மூன்று சிலிண்டர் வண்டிக்கு எதுவும் வேண்டாம். அது பாவம், சின்ன பேட்டரியிலேயே எழுந்துகொள்ளும்.

குளிர்தான் பேட்டரிக்கு எமன் என்று நானும் வந்த புதிதில் நினைத்ததுண்டு. உண்மையில் வெயில் கொலை செய்கிறது, குளிர் பிணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கிற ரசாயன வேலை ஏறக்குறைய இரட்டிக்கும். தகடு அரிக்கும், தண்ணீர் வற்றும், ஆயுள் பாதியாகும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், ஒலக்கூர் ரயில்வே கேட்டில் நிற்கிற உங்கள் வண்டியின் பானட்டுக்குள் எவ்வளவு இருக்கும்? அதனால் "மூணு வருஷத்துல போயிடுச்சு, ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது மரியாதையான ஆயுள்தான்.

வாங்குமுன் ஒரு வேலை. பேட்டரி நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தால், கேபிளைக் கழற்றி, சோடா மாவு கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவினாலே சில வண்டி எழுந்துவிடும். எலெக்ட்ரீஷியன் பையனிடம் மீட்டர் இருக்கும். ராத்திரி சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே வரவேண்டும். வராவிட்டால் கோளாறு டைனமோவில். புது பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துக்கொள்ளும், பழி கடைக்காரர் மேல் விழும்.

எல்லாம் பார்த்தும் பேட்டரிதான் என்றால், 35 ஆம்பியர்-அவர் போதும். இந்த இடத்தில் உங்கள் வாக்கிங் நண்பர், அந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், குறுக்கே வருவார்: "சுமோ பேட்டரி போட்டா ஜம்முனு இழுக்கும்" என்று. அது தட்டில் உட்காராது. உட்கார்ந்தாலும் கிளாம்ப் பிடிக்காது. குழியில் வண்டி குதிக்கும்போது டெர்மினல் பானட்டைத் தொட்டால் பொறி பறக்கும். பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் பழைய பேட்டரியோடு வைத்துப் பாருங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், லேபிளில் கடைசி எழுத்து எல்லா ஆரா என்பது மட்டும் மாறும். மாறிப்போனால் கேபிள் எட்டாது.

பிராண்டைவிடத் தயாரித்த தேதிதான் முக்கியம். அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரி வயதாகும். விற்பனை அதிகம் இருக்கிற கடையாகப் பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதத்தில் வந்த சரக்காகக் கேளுங்கள். திண்டிவனத்தில் இல்லையென்றால் விழுப்புரம் போய்விடுங்கள், நாற்பது கிலோமீட்டர்தானே. வாரன்டி 36 மாதம் என்பார்கள். அதில் எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் தேய்மானம் கழிப்பார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். பதினெட்டும் பதினெட்டும் என்றால் பின்பாதி பெயருக்குத்தான். பில்லை சித்தியிடம் கொடுங்கள். உங்களிடம் இருந்தால் அது செஞ்சி கோட்டைப் புதையல் ஆகிவிடும்.

எக்ஸைடா அமரானா என்று ஒரு சண்டை உங்கள் வீட்டில் நடக்கும் என்று தெரியும். எக்ஸைடுக்கு ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது, நம்ம மாநிலம் என்று நீங்கள் வாதாடலாம். அமரான் திருப்பதிப் பக்கம் தயாராகிறது என்று கேட்டதும் சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு அதையே வாங்கச் சொல்வார். இரண்டுமே தேறும், சித்தி பக்கம் போய்விடுங்கள், வீட்டில் அமைதி இருக்கும். அமரானைத் தயாரிக்கிற அமர ராஜா கம்பெனியை 1985-ல் தொடங்கிய கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் இன்ஜினியராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இதைப் படித்ததும் "நீ எப்போ வரப்போறே?" என்று ஆரம்பிக்க வேண்டாம்.

மாட்டியபிறகு, வீட்டுக்கும் மார்க்கெட்டுக்குமாக மட்டும் ஓட்டினால் செல்ஃப் எடுத்த கரண்டே திரும்பி ஏறாது. வாரத்தில் ஒருநாள் விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு ஓட்டம் போய்வாருங்கள். சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பிவிடுவீர்கள், அது தெரிந்துதான் சொல்கிறேன். மூடி திறக்கிற வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அது துளசிக்கு.

சித்தியிடமும் ஒன்று சொல்லவேண்டும். எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். புது சாமான் என்று பேட்டரி தலையில் சந்தனம் குங்குமம் வேண்டாம். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஈரமும் அழுக்கும் படிந்தால் அதன் வழியாகவே கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: பழைய பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டலாமா என்று அடுத்த குரல் செய்தியில் கேட்பீர்கள். கூடாது. கார் பேட்டரி ஒரு விநாடி வேகமாகத் தள்ளிவிட்டு ஓய்வெடுக்கிற ஜாதி, இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டச் சொல்லும். கடையிலேயே கொடுத்துக் காசைக் கழித்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி அறையில் ஏற்கெனவே இரண்டு கிடப்பதாகத் தம்பி சொன்னான், அவற்றையும்.