கிளியர்வயர் பங்கு வாங்கினோர் வகையியல்

புதிய கம்பியில்லா இணையம் வரப்போகிறது என்று ஒரு நிறுவனம் அறிவித்த மாத்திரத்தில் அதன் பங்கை வாங்க ஓடுவோர் எத்தனை வகையர் என்பதை ஆராய்வதே இந்நூல். எடுத்துக்கொண்ட நிலம் அமெரிக்கா, காலம் 2007 முதல் 2013 வரை, நிறுவனம் கிளியர்வயர், தொழில்நுட்பம் வைமேக்ஸ். எவ்வளவு போட்டார் என்பது இங்கே அளவுகோல் அன்று. எதை வாங்குவதாக நினைத்துக்கொண்டு போட்டார் என்பதே அளவுகோல்.

முதலாவது, ஆளை வாங்கியோர். கிளியர்வயரைத் தொடங்கிய கிரெய்க் மக்காவ், தம் பழைய செல்பேசி நிறுவனத்தை 1994-இல் ஏடி அண்ட் டி-க்கு 1,100 கோடி டாலருக்கு மேல் விற்றவர். தொட்டது துலங்கும் கை என்று நம்பி, 2007 மார்ச்சில் பங்கு 25 டாலருக்கு வெளியானபோதே வாங்கியவர்கள் இவ்வகையார். இவர்களைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, கூட்டத்தைப் பார்த்து வாங்கியோர். 2008-இல் செல்பேசி நிறுவனமான ஸ்பிரிண்ட் தன் வைமேக்ஸ் பிரிவைக் கிளியர்வயரோடு சேர்த்தது. இன்டெல், கூகுள், காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள் முதலியோர் 320 கோடி டாலர் இறக்கினர். “கூகுளுக்குத் தெரியாததா?” என்பது இவ்வகையாரின் மூலமந்திரம். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. இன்டெல் வந்தது வைமேக்ஸ் சில்லு விற்க. கேபிள்காரர்கள் வந்தது தம் சந்தாதாரருக்கு மொபைல் இணையத்தையும் சேர்த்து விற்க. பெரியவர்களுக்குப் பங்கு விலை இரண்டாம் பட்சம். பின்னால் நின்ற சில்லறை முதலீட்டாளருக்கு அது ஒன்றே பட்சம். 50 கோடி டாலர் போட்ட கூகுள், 2012-இல் ஏறத்தாழ 4.7 கோடிக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. அதற்கு அது கைச்செலவு.

மூன்றாவது, வேகத்தை வாங்கியோர். விஷயம் தெரிந்தவர்கள் என்பதால் இவர்களிடம் வாதாட முடியாது. வைமேக்ஸ் பொய்யும் அன்று. அன்றைய 3ஜி-யை விட வேகமாகவே ஓடியது, வெட்டவெளியில். 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் ஆகாது. மோடத்தை ஜன்னலோரம் நகர்த்தி நகர்த்தி, எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுவதும் சந்தாதாரரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. சுவர் தாண்டாத அலைக்குக் கோபுரம் நெருக்கமாக வேண்டும்; கோபுரத்துக்குக் காசு வேண்டும்; காசு தீர்ந்துகொண்டே வந்தது. 2010-இல் வைமேக்ஸ் 4ஜி கொண்ட எச்டிசி ஈவோ செல்பேசி வந்தது. 4ஜி-யைப் போட்டால் பேட்டரி மளமளவென்று இறங்கியது. வாங்கியவர் பலர் அதை அணைத்தே வைத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வெரைசன், வைமேக்ஸுக்குப் போட்டியான எல்டிஇ-யோடு இறங்கியது. பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் போனதும் கருவி செய்வோரும் பின்னாலேயே போனார்கள். சிறந்தது எது என்ற விவாதத்தை வேகம் வாங்கியோர் அதற்குப் பிறகும் நடத்தினர்.

நான்காவது, அலைவரிசையை வாங்கியோர். “வைமேக்ஸ் போனால் போகட்டும், அலைவரிசை எங்கே போகும்?” என்றவர்கள். முற்றிலும் சரி. 2013-இல் கிளியர்வயரை வாங்க டிஷ் நிறுவனம் போட்டிக்கு வரவே, பங்குக்கு 2.97 டாலர் என்று பேரம் முடித்திருந்த ஸ்பிரிண்ட் 5 டாலருக்கு ஏற வேண்டியதாயிற்று. 2020-இல் ஸ்பிரிண்டைச் சேர்த்துக்கொண்ட டி-மொபைல், அதே அலைவரிசையில்தான் தன் வேகமான 5ஜி-யைப் பரப்பியது. ஆனால் 25 டாலருக்கு வாங்கியவரின் கணக்கில் வந்தது ஐந்து. மீதி, கணிப்பு பலித்த திருப்தி.

உள்வகை ஒன்று: ஆவரேஜ் செய்வோர். விலை இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைப்பவர். இவர்களை மடமைப் பகுதியில் வைப்பதே மரபு. ஆயினும் 2012-இல் 2 டாலருக்கும் கீழே அள்ளியவர் மறு ஆண்டே இரட்டிப்புக்கு மேல் பார்த்தார். மரபு இதற்கு விடை சொல்வதில்லை.

ஒழிபு: அந்த 2.5 கிகாஹெர்ட்ஸில் கணிசமான பகுதி கல்விக்கென்று முன்பே ஒதுக்கப்பட்டது. உரிமம் பள்ளிகள், கல்லூரிகள், கத்தோலிக்க மறைமாவட்டங்கள் கையில். கிளியர்வயர் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஸ்பிரிண்ட் வாங்கிய பின்னும் குத்தகை தொடர்ந்தது. இந்த உரிமதாரர்கள் குத்தகைக்குப் பங்கைக் கேட்கவில்லை, பணத்தைக் கேட்டார்கள். ஆதலின் இவர்கள் இந்நூலின் எல்லைக்குள் வாரார்.