ஷால் சார்

எங்கள் குடியிருப்பில் யார் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாலும் அது மூன்றாம் மாடி ஏறித்தான் இறங்கும். அங்கே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் ஷால் சார். பெற்றோர் வைத்த பெயர் கேஸ் புத்தகத்தில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய டிராஃப்டைத் திருத்தியே 35 வருஷம் ஓட்டியவர்.

வேதம், பிரவுன் அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டின். தன்னிலைக்கு ஷால், மற்றவர்களுக்கு வில். சபதமோ மிரட்டலோ என்றால் தலைகீழ். "இங்கிலாந்திலேயே இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லையே சார்?" என்றேன். "1653இல் ஜான் வாலிஸ் எழுதி வச்சாச்சு. அவங்க படிக்கலைன்னா நான் என்ன பண்றது?" என்றார். வாலிஸ் கணிதப் பேராசிரியர், எழுதியது லத்தீனில் என்பதையெல்லாம் நான் கிளறவில்லை.

தண்ணீர் போடும் பையன் வாசலில் நின்று "சார், கேன்!" என்று கத்தியதற்கு, "அனுமதி கேட்கிறப்போ மே-ன்னு சொல்லணும்" என்று திருத்தினாராம். கீழ்வீட்டுக்காரர் கட்டிவிட்ட கதை. எனக்கென்னவோ நடந்திருக்கும் என்றே படுகிறது.

போன ஐப்பசியில் தெருச் சாக்கடை பொங்கியது. அதைக் கவனிக்க வேண்டிய அலுவலகத்துக்குக் கடிதம். குடியிருப்புச் செயலாளர் 'மஸ்ட்' என்று எழுதியிருந்தார். "அதிகாரிக்கே உத்தரவா?" என்று அடித்தார் ஷால் சார். 'ஷுட்' போட்டார், புத்தி சொல்வதுபோல இருக்கிறதென்று அதையும் அடித்தார். 'மே' போடலாமே என்று நான் வாயை விட்டேன். பேனாவை மூடிவிட்டார்.

"மே-யா? 1963 தெரியுமா உங்களுக்கு?"

தெரியும், அவர் சொல்லித்தான். ஆட்சிமொழி மசோதாவில், ஆங்கிலம் தொடரும் என்ற இடத்தில் 'மே' போட்டிருந்தார்கள். தொடராமலும் போகலாம் என்று அதற்குப் பொருள் வருமே, 'ஷால்' போடுங்கள் என்றது தி.மு.க. இரண்டும் ஒன்றுதான் என்றார் நேரு. ஒன்றுதான் என்றால் ஷாலையே போட்டுவிட வேண்டியதுதானே? போடவில்லை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு பற்றி எரிந்தது. பிள்ளைகள் செத்தார்கள். அந்த ஊர்வலமொன்றில் அரை டிராயரோடு ஓடியவர் இவர். 1967 திருத்தத்தில்தான், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே என்று 'ஷால்' ஏறியது. "மூணாவது பிரிவு தொடக்கத்துல அந்த மே இன்னும் உட்கார்ந்திருக்கு, போய்ப் பாருங்க" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.

நாலாம் நாள் கடிதம் போயிற்று. எந்தச் சொல்லில் முடித்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கார்த்திகையில் பதில் வந்தது. சுத்தத் தமிழில் ஒரே வரி: 'ஆவன செய்யப்படும்.'

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"ஏன் சார், இது ஷாலா, வில்லா, மேயா?"

தை பிறந்துவிட்டது. சாக்கடை வழிந்துகொண்டுதான் இருக்கிறது.